துணி மக்கிவிட்டது, தையல் மட்டும் மண்ணில் கிடக்கிறது: மாடித்தோட்ட மண்ணை மாற்ற வேண்டுமா?

தையல்காரம்மா, வில்லிவாக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறவள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கீழே என் தையல் கடை, மேலே மொட்டை மாடியில் தோட்டம். வர்தா புயலில் வாசல் முருங்கை சாய்ந்ததற்கு அடுத்த மாசம், மனசு கேட்காமல் செடி வளர்க்கிற பிளாஸ்டிக் பை ஆறு வாங்கி ஆரம்பித்தேன். இப்போது ஐம்பத்தெட்டு பை இருக்கிறது. கத்தரி, வெண்டை, தக்காளி, முளைக்கீரை, ஒரு நீல ட்ரம்மில் எலுமிச்சை.

போன வாரம் ஓய்ந்துபோன ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிவிட்டுப் பையைக் கவிழ்த்தேன். கை வைத்த இடமெல்லாம் பை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அது போகட்டும் என்று மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ மாட்டியது. வேர் என்று நினைத்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. தண்ணீரில் அலசிப் பார்த்தால் அரக்கு நிற நூல். மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று கோத்தபடி, ஜாக்கெட்டில் கை இணைக்கிற வளைவு அப்படியே இருக்கிறது. ஓரத்தில் ஓவர்லாக் பின்னல் வேறு. நடுவில் துணிதான் இல்லை.

அது நான் போட்ட தையல். என் பழைய டூ பை டூ காட்டன் ஜாக்கெட். கிழிந்த பிறகு நாலாக வெட்டிக் கம்போஸ்ட் ட்ரம்மில் போட்டது நினைவிருக்கிறது. காட்டன்தானே, மக்கிவிடும் என்று போட்டேன். காட்டன் சொன்ன சொல் தவறாமல் மக்கிவிட்டது. நூல் ஸ்பன் பாலியஸ்டர், அதாவது பிளாஸ்டிக் இழை, அது மக்காது. கடையில் பருத்தி நூல்கண்டு வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அது மெஷின் வேகத்துக்கு அறுந்து அறுந்து போகும். ஆக, ஊரில் நாம் "சுத்தக் காட்டன்" என்று போடுகிறதிலும் பெரும்பாலும் தையல் பாலியஸ்டர்தான். தொழில்காரி எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் வயிற்றைக் கலக்கியது வேறொரு விஷயம். கம்போஸ்ட்டில் ஈரம் அதிகமானால் காய்ந்த சரக்கு போட வேண்டும் என்பார்கள் இல்லையா? மாடியில் சருகுக்கு எங்கே போவது? கடையைப் பெருக்கிய தூசைப் போட்டுவந்தேன். நூல் துண்டு, சாக்பீஸ் பொடி, ஓவர்லாக் மெஷின் ஓரத்தை வெட்டித் தள்ளுகிற அந்தப் பஞ்சுத் தூள். தினம் ஒரு முறம். ஏழு வருஷமாக.

சரி, எவ்வளவுதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஐந்து பையிலிருந்து சேர்த்து ஒரு ஆழாக்கு மண் எடுத்தேன். பேப்பரில் காயவைத்து, ஆரி வேலைக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மண்ணாகவும் வேராகவும் தெரியாததாக 61 கிடைத்தது. கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்.

அதன்பிறகு துணிக்காரர்கள் செய்கிற சோதனை. தீக்குச்சி காட்டினால் பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், உருகும், ஆறினால் கடுகு மாதிரி கெட்டி மணியாக நிற்கும். ரேயானும் பருத்தி மாதிரிதான் எரியும், அது மரக்கூழில் இருந்து வருவது. கலப்புத் துணி பாதி சாம்பல், பாதி மணி. எரித்துப் பார்த்ததில் 44 மணியாக நின்றது. அதில் நூலும் துணிப் பிசிறும்தான் பெரும்பாலும். பையிலிருந்து உதிர்ந்த வெள்ளைச் செதில் கொஞ்சம். நிழல்வலையின் பச்சை இழை நாலைந்து. மினுங்குகிற ஒன்று ஜரிகை.

இது போதாதென்று, 2019 கோடையில் நாலு ஏரியும் வற்றிக் கிடந்தபோது வாஷிங் மெஷின் அலசல் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றினேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. போன வருஷம் ஒரு இடத்தில் வாங்கிய குப்பை உரத்திலும் பால் பாக்கெட் துணுக்கு இருந்தது. வாங்கிய இடத்தைச் சொல்ல வேண்டாம், எனக்கே இப்போது அவர்களைத் திட்ட வாய் வரவில்லை.

வீட்டுக்காரர் "இத்தனை வருஷம் சாப்பிட்டாச்சு, இனிமேல் என்ன" என்கிறார். நான் கேட்பது மூன்று. இந்த மண்ணில் விளைந்ததைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா? மண்ணிலிருந்து இதைப் பிரிக்க வழி உண்டா? இல்லை, மொத்தமும் கொட்டிவிட வேண்டுமென்றால் ஐம்பத்தெட்டு பை மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

---

ராயபுரத்தான்

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கட்சி நான். குடிக்கிற தண்ணீர், சுவாசிக்கிற காற்று, போடுகிற உப்பு எல்லாவற்றிலும் இந்தப் பிளாஸ்டிக் துகள் இருக்கிறது. மாடிக் கத்தரியை விட்டுவிட்டு மார்க்கெட் கத்தரி வாங்குவீர்கள். அது விளைந்த வயலில் மல்ச்சிங் ஷீட் என்று மண்ணை மூடுகிற பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பான், ஒரு தலைமுடி அளவுகூடத் தடிமன் இருக்காது, அறுவடை முடிந்ததும் பாதியை அப்படியே உழுதுவிடுவான். உங்கள் மண்ணிலாவது என்ன இருக்கிறது என்று எண்ணிவைத்திருக்கிறீர்கள்.

---

மண்பரிசோதனை, திருச்சி

வணக்கம்மா. முப்பத்தொரு வருஷம் மண்பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தீக்குச்சி வைத்துச் செய்ததை எங்கள் இடத்தில் சூடான ஊசி வைத்துச் செய்வோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஊசி பட்டதும் சுருண்டால் பிளாஸ்டிக்.

முதலில் மண்ணைக் கொட்டாதீர்கள். எங்கே கொட்டினாலும் அது இன்னொருவர் மண். உங்கள் பகுதிக் குப்பை கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே இது இல்லாமலா இருக்கிறது?

பேரப்பிள்ளை விஷயம். 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வில் கோதுமையும் லெட்டூஸும் பிளாஸ்டிக் உருண்டைகளை வேர் வழியாக உள்ளே இழுத்ததைக் காட்டினார்கள். பக்கவேர் முளைத்து வெளியே வருகிற இடத்தில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கும், அதன் வழியாக. ஆனால் அந்த உருண்டைகளின் அளவைப் பாருங்கள்: 0.2 மைக்ரான், பெரியது 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். பாலியஸ்டர் நூலில் உள்ள ஒரே ஒரு இழையின் தடிமன் சாதாரணமாக 10லிருந்து 20 மைக்ரான் இருக்கும். நீங்கள் இடுக்கியால் எடுத்த எதுவும் கத்தரிக்காய்க்குள் போகாது. அதனால் மண்ணிலிருந்து தட்டுக்கு வருகிற பெரிய வழி வேர் இல்லை, கீரையில் தெறிக்கிற மண். முளைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசுகிற பழக்கம் வீட்டில் இருக்கும், அதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நீங்கள் பயப்படுகிற வரிசை எனக்குத் தலைகீழாகப் படுகிறது. ஜாக்கெட் கையின் வளைவு முழுசாக வந்தது என்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. மண்ணுக்குள் வெயில் இல்லை. வெயில் படாத பாலியஸ்டர் லேசில் உடையாது. அதைப் பார்த்ததும் இழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அதே பத்தியில் "பை அப்பளம் மாதிரி நொறுங்கியது, அது போகட்டும்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். போகவிடக் கூடாதது அதுதான். பையிலும் நிழல்வலையிலும் வெயிலைத் தாங்குவதற்கென்று ஒரு மருந்து கலந்திருப்பார்கள். நம் ஊர் வெயிலில் அது தீர்ந்ததும் பிளாஸ்டிக்கின் சங்கிலி அறுந்து அறுந்து உதிரும். பெரியது சின்னதாகி, சின்னது மாவாகி, நீங்கள் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத அளவுக்குப் போகும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம், அது அங்கேயே நிற்பதில்லை.

நூலால் மண்ணுக்கு ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் மண்ணில் பாலியஸ்டர் இழையைக் கலந்து பார்த்து 2018இல் எழுதியிருக்கிறார்கள். மண் இலேசானது, தண்ணீரை அதிகம் பிடித்துவைத்தது, ஆனால் மண்கட்டிகள் தண்ணீரில் கரையாமல் நிற்கிற உறுதி குறைந்தது. உங்கள் பைகளில் எதிலாவது மண் பஞ்சு மாதிரி ஈரமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். மண்புழுவுக்கு ஆகாது என்று 2016இல் நெதர்லாந்தில் வாஹனிங்கனில் காட்டினார்கள். அதில் புழு தின்கிற சருகிலேயே 28 சதவீதமோ அதற்கு மேலோ பிளாஸ்டிக் கலந்தபோதுதான் வளர்ச்சி குன்றியது, சாவும் கூடியது. உங்கள் ஆழாக்கில் அந்த அளவில் ஒரு துளிகூட இல்லை.

பிரிக்கிற வழி: ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பு கரைத்தால் அதற்கு மேல் கரையாத கெட்டி உப்புநீர் கிடைக்கும். காய்ந்த மண்ணை அதில் கொட்டிக் கலக்கி, ஒரு இரவு அசையாமல் வையுங்கள். பைத் துணுக்கு, வலை இழை, தெர்மகோல், நைலான் எல்லாம் மேலே மிதக்கும். உங்கள் பாலியஸ்டர் மிதக்காது, உப்புநீரை விடக் கனம். பிவிசியும் மூழ்கும். அதற்கு ஆய்வுக்கூடத்தில் வேறு உப்பு வைத்திருப்பார்கள், வீட்டில் வேண்டாம். இன்னொரு தொல்லை, மாடித்தோட்ட மண்ணில் பாதி கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள், அதுவும் கூடவே மிதக்கும். ஆக இது அளந்து பார்க்கத்தான், ஐம்பத்தெட்டு பையைச் சுத்தம் செய்ய இல்லை. சோதித்த மண்ணைச் செடிக்குப் போட்டுவிடாதீர்கள், உப்பு கருக்கிவிடும்.

குப்பை உரம் பற்றி ஒரு வார்த்தை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர்ப்புறக் குப்பை உரத்தில் 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 என்றெல்லாம் வரம்பு இருக்கிறது. பிளாஸ்டிக் துகளுக்கு நான் அதில் ஒரு வரி பார்த்ததில்லை. சல்லடைக் கண்ணையும் மைக்ரோபிளாஸ்டிக்கின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரம் இறங்குகிற கண்ணில் அதுவும் இறங்கும். ஐரோப்பாவில் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் கிலோவுக்கு 3 கிராமைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். அங்கேயும் 2018இல் ஜெர்மனியில் பைரூத் பல்கலைக்கழகத்தார் பல ஆலைகளின் உரத்தைச் சோதித்தபோது கிலோவுக்கு 14 துகளிலிருந்து 895 வரை வந்தது. அதுவும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் எண்ணி.

---

பீளமேடு மொட்டைமாடி

அக்கா, வணக்கமுங்க. படிச்சுட்டு நேரா மாடிக்குத்தான் போனேன்.

நான் உங்களை விட மோசம். மீன் கடையில் தெர்மகோல் பெட்டி சும்மா கிடைக்குதுன்னு பன்னிரண்டு பெட்டி கொண்டுவந்து கீரை போட்டேன். இலேசு, சூடு ஏறாது, தண்ணி நிற்கும். முதல் வருஷம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றரை வருஷத்தில் வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகி மணி மணியாக உதிர ஆரம்பிச்சுது. மைனா வந்து கொத்தும். ஆடிக் காத்துல மாடி முழுக்கப் பறந்து மழைநீர்க் குழாயில் போய் அடைஞ்சுது. அந்தக் குழாய் போகிறது மழைநீர்த் தொட்டிக்கு. குழாயைக் கழட்டி நான் பொறுக்கிய கதையைச் சொன்னால் நாள் ஆகும்.

அந்தப் பயத்துல இன்னொரு கூத்து. வாங்கின மண்கலவையில் வெள்ளையா இருக்கிறதெல்லாம் தெர்மகோல்னு நினைச்சு ஒரு பை முழுக்கப் பொறுக்கிக் குப்பையில் போட்டுட்டேன். அது பெர்லைட்டுங்க, எரிமலைக் கண்ணாடியைப் பொரிச்சது. காசு கொடுத்து வாங்கினது. நகத்துல நசுக்கினால் கரகரன்னு மாவாகும், நெருப்புல உருகாது. தெர்மகோல் நசுங்கும், உடையாது, நெருப்புல சட்டுனு சுருங்கிடும். யாரும் என்னை மாதிரி ஏமாற வேண்டாம்.

பை விஷயத்துல திருச்சி ஐயா சொல்றது சரி. என் கணக்கு என்னன்னா, பை கிழிகிற வரைக்கும் வெச்சிருக்கக் கூடாது. மாசம் ஒரு தடவை விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்க. விரல்ல வெள்ளைப் பொடி ஒட்டினால் அதோட ஆயுசு முடிஞ்சது, இன்னும் முழுசா இருக்கும்போதே மாத்திடுங்க. விளிம்பைத்தான் வெயில் முதலில் தின்னும், அதனால் மேலே நாலு விரல் விட்டு உள்ளே மடக்கி வைக்காதீங்க, வெளிப்பக்கமா மடக்குங்க. உதிர்ந்தாலும் தரையில் விழும், பெருக்கிடலாம். மண்ணுல விழாது.

எல்லாத்தையும் மண்தொட்டிக்கு மாத்துங்கன்னு சொல்லிடுவேன், ஆனா மாடி தாங்கணுமே. மண்தொட்டி, உள்ளே செம்மண், மேலே தண்ணின்னு ஐம்பத்தெட்டு வெச்சா தளம் என்ன சொல்லும்னு இன்ஜினியரைத்தான் கேட்கணும். நான் சுவர் ஓரமா, கீழே பீம் ஓடுற இடத்துல மட்டும் மண்தொட்டி. கொடி கட்ட நைலான் கயிறை விட்டுட்டேன், தேங்காய் நார்க் கயிறுதான். ஒரு போகம் தாங்கும், அப்புறம் கம்போஸ்ட்டுக்கு அதுவே காய்ஞ்ச சரக்கு.

வாஷிங் மெஷின் தண்ணி ஊத்தாதீங்க அக்கா. 6 கிலோ பாலியஸ்டர் துணி ஒரு தடவை துவைச்சா கிட்டத்தட்ட 5 லட்சம் இழை வெளியே வருதுன்னு இங்கிலாந்துல ப்ளைமவுத்துல 2016லேயே எண்ணி வெச்சிருக்காங்க. தண்ணிப் பஞ்சத்துக்கு ஊத்தியே ஆகணும்னா குழாய் முனையில் பழைய வேட்டியை நாலு மடிப்பா கட்டுங்க. எல்லாத்தையும் பிடிக்காது, கண்ணுக்குத் தெரியற பஞ்சைப் பிடிக்கும். அந்தப் பஞ்சைக் கம்போஸ்ட்டுல போட்டுறாதீங்க, சாமி.

---

தையல்காரம்மா, வில்லிவாக்கம்

எல்லாருக்கும் நன்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில்தான் போயிற்று, என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உப்புநீர் சோதனை செய்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மேலே நார்த்தூள் ஆடை மாதிரி படர்ந்து கிடந்தது, ஐயா சொன்ன தொல்லை. அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டு வெள்ளைச் செதில். டீ வடிகட்டியில் அள்ளி வெள்ளைத் துணியில் தட்டினால் தெரியவில்லை, கறுப்பு லைனிங் துணியில் தட்டியதும் தெரிந்தது. இவ்வளவா என்று ஆகிவிட்டது. முதல் தடவை நான் பொறுக்கியபோது பூ மாதிரி வெள்ளையாக இருந்ததையெல்லாம் பூஞ்சைக்காளான் என்று விட்டிருக்கிறேன். நூல் கண்ணில் படுகிற நிறம், அதனால் நூலை எண்ணினேன். பையின் நிறம் கண்ணை ஏமாற்றிவிட்டது.

ஒரே பையில் மேல் மண், நடு மண், அடி மண் என்று மூன்றாகவும் எடுத்துப் பார்த்தேன். செதில் மேலே இரண்டு அங்குலத்தில்தான் அதிகம். நடுவில் குறைவு. அடியில் கொஞ்சம், ஓட்டை இருக்கிற இடத்தில்.

நகம் வைத்துக் கீறியதில் ஐம்பத்தெட்டில் பதினொரு பை தேறவில்லை. எல்லாம் மேற்கு வெயில் படுகிற வரிசை. அந்த மண்ணைக் கொட்டத் தார்ப்பாய் விரிக்கப் போனேன். விரித்த பிறகுதான் அதுவும் அதே சரக்கு என்று தோன்றியது, ஓரமெல்லாம் ஏற்கெனவே பிசிறு. பழைய சுங்குடிச் சேலை ஒன்றை விரித்தேன்.

பதினொரு பைக்கும் மேலே இரண்டு அங்குலத்தைத் தனியாக வழித்துவிட்டேன். மிச்சத்தைக் காயவைத்து முறத்தில் போட்டுப் புடைத்தேன். காற்றுப் பக்கம் உட்கார்ந்து புடைத்தால் செதில் பாதி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும், அதனால் மாடி அறைக்குள். செதில் முறத்தின் முனைக்கு வந்துவிடுகிறது, உளுந்தில் தோல் வருகிற மாதிரி. நூல் வராது. அது மண்கட்டியோடு பின்னிக்கொண்டிருக்கிறது, கையால்தான் எடுக்க வேண்டும்.

ஐயா கேட்ட பஞ்சு மாதிரி மண், ஆமாம், இருக்கிறது. எலுமிச்சை ட்ரம்மில். கடைத் தூசு அதிகம் போனது அதில்தான். மேல் மண் உலரவே உலராது, நான் நல்ல மண் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு சந்தேகம். வழித்த மேல் மண் மூன்று பக்கெட் இருக்கிறது, என்ன செய்ய? நொறுங்கின பையைப் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார், மண் ஒட்டியிருக்கிறதாம்.

---

மண்பரிசோதனை, திருச்சி

மேல் மண்ணைச் சாப்பிடாத செடிக்குக் கொடுங்கள். அரளி, செம்பருத்தி, குரோட்டன்ஸ். அடியில் ஓட்டை குறைவான சிமெண்ட் தொட்டியாக இருந்தால் நல்லது, மேலே சருகோ நார் மட்டையோ மூடிவிடுங்கள், காற்றில் பறக்காது, வெயிலும் படாது. எலுமிச்சையை இப்போது தொடாதீர்கள். வேரைக் கலைத்தால் மரம் போய்விடும். அடுத்த தடவை மண் மாற்றும்போது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பையைக் கழுவிக் காயவைத்து, உதிர்கிற பாகத்தைக் கத்தரித்துவிட்டு, கெட்டியாக இருக்கிற பின்னல் பாகத்தை மட்டும் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். அதை எடை போட்டு எடுப்பார்கள். கழுவிய தண்ணீரை மறுபடி செடிக்கு ஊற்றாமல் துணியில் வடிகட்டிவிடுங்கள். உதிரியை ஒரு பால் கவரில் போட்டு வாய் கட்டிக் குப்பை வண்டியில் உலர்குப்பையோடு போடுங்கள். போகிக்கு எடுத்துவைத்துவிடாதீர்கள், நூலானாலும் பையானாலும் அந்தப் புகை வேண்டாம்.

---

ராயபுரத்தான்

நகத்தால் கீறிப் பார்த்தேன். என் வீட்டில் இருப்பது நாலே பை. நாலிலும் பொடி வருகிறது. இந்தத் திரியை நான் திறந்திருக்கவே கூடாது.

---

தையல்காரம்மா, வில்லிவாக்கம்

ராயபுரம் தம்பி, நாலு பைதானே, அரை நாள் வேலை. முறம் இல்லை என்றால் சொல்லுங்கள்.

பேப்பர்காரர் கழுவிய பின்னல் பாகத்தை எடுத்துக்கொண்டார். உதிரி உலர்குப்பைக்குப் போயிற்று. கொடுங்கையூரில் அது என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். மேல் மண் செம்பருத்தித் தொட்டிக்கு. பதினொரு பையில் நாலுக்குப் பதிலாக மண்தொட்டி வந்துவிட்டது, படிக்கட்டுச் சுவர் பக்கம். மிச்சம் ஏழுக்கு மறுபடி பைதான் வாங்கினேன், கறுப்பு நிறத்தில் கொஞ்சம் கனமானது, வாங்கிய மாசத்தை விளிம்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

கடையில் வெட்டுகிற மேஜைக்கு அடியில் இப்போது இரண்டு கூடை. ஒன்று காட்டன், அது மட்டும் மாடிக்கு. இன்னொன்று மற்றதெல்லாம், அதை மெத்தை தைக்கிறவர் வாரம் ஒரு தடவை வந்து எடுத்துப்போகிறார், தலையணைக்கு அடைக்க. ஓவர்லாக் தூளும் பெருக்கிய தூசும் எந்தக் கூடைக்கும் இல்லை, கட்டி உலர்குப்பையில். கம்போஸ்ட்டுக்குக் காய்ந்த சரக்காக எதிர் வீட்டு வேப்ப மரத்துச் சருகைக் கேட்டு வாங்கிவிட்டேன். இத்தனை வருஷம் அவர்கள் அதைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள், நான் சருகு இல்லை என்று தூசு போட்டுக்கொண்டிருந்தேன்.

கடையில் வேலை கற்றுக்கொள்கிற பெண் நேற்று ஒரு பழைய ரேயான் நைட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இது எந்தக் கூடை?" என்றாள். காட்டன் கூடைதான், ஆனால் முதலில் தையலைப் பிரித்துவிட்டுப் போடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிரித்துக்கொண்டிருக்கிறாள்.